அடியும் வேளையும்

கழியும் பந்தும் கொண்டு ஆடப்படும் விளையாட்டுகளுள் இலங்கையின் ஊர்கள்தோறும் வேரூன்றியிருப்பது எல்லே. அமெரிக்காவிலும் யப்பானிலும் பெருவழக்காயுள்ள பேஸ்போல் அதற்கு நெருங்கிய உறவு உடையது. இவ்விரு விளையாட்டுகளிலும் மட்டையை ஏந்தி நிற்பவர் தம் உடலை எவ்வாறு இயக்கவேண்டும், எந்த வேளையில் இயக்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும். கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், மூதூர் முதலாய கொட்டியாரப் பகுதி ஊர்களின் இளைஞரையும் யுவதிகளையும் சிறப்பாக மனத்திற்கொண்டு இதனைச் சொல்ல விழைகின்றேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டு போர் மூண்டபோது மூதூர் கிழக்கின் மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். சம்பூர் மக்களிற் பலர் கட்டைபறிச்சான் முகாமிலும் ஏனைய முகாம்களிலும் நெடுங்காலம் தங்கியிருந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்துக்குத் திரும்பினர். ஓடியாட ஒரு வெளி என்பது எத்தகைய பேறு என்பதை அம்மக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அத்தகைய வெளியில் இன்று ஒரு பிள்ளை மட்டையைத் தூக்கும்போது, “இவன் மெலிந்தவன், இவனால் அடிக்க இயலாது” என்று சொல்லி ஒதுக்கிவிடுவது பெரும் பிழை. அடியின் வலிமை புயத்தின் பருமனில் தங்கியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இரண்டினையே பெரிதும் சார்ந்தது. ஒன்று, உடலின் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் வரிசை. மற்றொன்று, அவ்வியக்கம் தொடங்கும் வேளை. இவ்விரண்டையும் மெலிந்த பிள்ளையும் கற்கலாம். அதற்குப் பொருட்செலவும் இல்லை.

முதலில் இரு விளையாட்டுகளுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை நோக்குவோம். எல்லேயில் அடிப்பவர் பெரும்பாலும் மூங்கிற் கழியையே பயன்படுத்துவர். பந்தை அடிப்பதற்கு அவருக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. அடித்தபின் தரிப்பிடங்களைத் தொட்டுச் சுற்றி ஓடி வரவேண்டும். அடித்த பந்தை எதிர்க்கட்சியார் பிடித்துவிட்டாலும், ஓடும்போது பந்தினால் எறிபட்டாலும் ஆட்டம் இழக்க நேரிடும். பேஸ்போலிலும் மூன்று தவறினால் ஆட்டமிழப்பு. அங்கும் நான்கு தளங்களைச் சுற்றியே ஓட்டம். ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீற்றர் தூரம்.

வேற்றுமை எங்கே எனின், பந்தை இடுபவரிடத்தில் இருக்கின்றது. எல்லேயில் பந்து இடுபவர் பெரும்பாலும் அடிப்பவரின் கட்சியைச் சேர்ந்தவரே. தோழர் விரும்பும் உயரத்துக்கு அவர் மெல்ல இட்டுக் கொடுப்பார். பேஸ்போலிலோ பந்தை எறிபவர் எதிரி. அடிப்பவரை ஏமாற்றுவதே அவருடைய தொழில். ஒரு பந்தை விரைவாக எறிவார், அடுத்த பந்தை அதே கையசைவோடு மெதுவாக விடுவார், பிறிதொன்றை வளைப்பார். ஆகவே எல்லேயில் நன்கு பழகியவருக்கு வீச்சு கைவந்திருக்கும். மெல்லிய கழியால் பந்தைத் தொடும் கண்ணும் வாய்த்திருக்கும். ஆனால் வேளையைக் கணிக்கும் பயிற்சி அவருக்குப் புதிதாக வேண்டியிருக்கும். கிரிக்கெட் ஆடியவருக்கோ நிலைமை சற்று வேறு. விரையும் பந்துக்கு அவர் பழகியவர். ஆயினும் தரையில் பட்டு எழும் பந்தைத் தட்டையான மட்டையால் அடித்த அவர், தரையில் படாமல் வரும் பந்தை உருண்டை மட்டையால் அடிக்கக் கற்கவேண்டும்.

இனி வேளையைப் பற்றிய கணக்கு. பேஸ்போலில் எறிபவர் கால் ஊன்றும் பலகைக்கும் அடிப்பவர் பக்கத்திலுள்ள ஐங்கோணத் தட்டுக்கும் இடையே 18.44 மீற்றர் தூரம் உண்டு. எறிபவர் முன்னே அடியெடுத்து வைத்துக் கைநீட்டிப் பந்தை விடுவதால், பந்து பறக்கும் தூரம் ஏறத்தாழ 17 மீற்றராகக் குறைகின்றது. மணிக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து இத்தூரத்தை ஏறத்தாழ 0.4 செக்கனிற் கடந்துவிடும். மட்டை அசையத் தொடங்கியதிலிருந்து பந்தைச் சந்திக்கும் வரை 0.15 செக்கன் அளவு செல்லும். எஞ்சியிருப்பது கால் செக்கன் மாத்திரமே. அந்தக் கால் செக்கனுள் பந்தைக் காணவேண்டும். அது எங்கே வரும், எப்போது வரும் என்று கணிக்கவேண்டும். அடிப்பதா விடுவதா என்று துணியவேண்டும்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து அதே தூரத்துக்கு ஏறத்தாழ 0.6 செக்கன் எடுக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.2 செக்கன். அற்ப நேரமென்று இதனை எண்ணலாகாது. விரைவான பந்தை எதிர்பார்த்து மட்டையை வீசிய ஒருவர், மெதுவான பந்து வந்து சேருமுன் தம் வீச்சு முழுவதையும் முடித்துவிட்டு வெறுங்காற்றை அடித்து நிற்பார். இதைவிட நுண்ணிய பிழையும் உண்டு. பேஸ்போலில் அடித்த பந்து இரு எல்லைக்கோடுகளுக்கு உள்ளே செல்லவேண்டும். அக்கோடுகள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக விரிந்திருக்கின்றன. சுழலும் மட்டை செக்கனில் நூறிலொரு பங்கு முந்தினாலோ பிந்தினாலோ பந்து கோட்டுக்கு வெளியே சென்றுவிடக்கூடும்.

இவ்வளவு குறுகிய நேரத்தில் அடிப்பவர் செய்யக்கூடியது யாது? பந்தின் வேகத்தை அவர் குறைக்க இயலாது. தம் வீச்சினை மாத்திரம் குறுக்கலாம். ஆயத்தத்தை மாத்திரம் முற்படுத்தலாம். முன்னதாக ஆயத்தமாகி, பிந்தி வீசுவதே அடிப்பவரின் முழு வித்தையுமாகும். வீச்சு எவ்வளவு விரைவாக முடிகின்றதோ அவ்வளவு நேரம் பந்தைப் பார்த்திருக்கலாம். அவ்வளவு நேரம் பார்த்தவர் அவ்வளவுக்கு ஏமாறார். ஆகவே, வீச்சைச் செம்மைப்படுத்துவதே வேளையைச் செம்மைப்படுத்தும் வழியுமாகும்.

வீச்சின் வரிசையை விளங்கிக்கொள்ளக் கொட்டியாரக் குடாவில் வீச்சுவலை எறியும் மீனவரைப் பாருங்கள். அவர் கையால் மாத்திரம் வலையை எறிவதில்லை. பாதத்தை ஊன்றுகின்றார்; உடலைப் பின்னே திருப்புகின்றார்; பின் இடுப்பு திரும்புகின்றது, அதனைத் தொடர்ந்து மார்பும் தோளும் திரும்புகின்றன; எல்லாவற்றுக்கும் கடைசியாகவே கை நீண்டு வலை விரிகின்றது. கையை முந்தவிட்டால் வலை விரியாது. ஒரே குவியலாய் விழும். மட்டை வீச்சும் இத்தகையதே. விசை தரையிலிருந்து கால் வழியாக இடுப்புக்கு ஏறி, இடுப்பிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து தோளுக்கும் கைக்கும், கையிலிருந்து மட்டைக்கும் செல்கின்றது. ஒவ்வோர் உறுப்பும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுத் தான் தணிகின்றது. பருத்த இடுப்பு மெதுவாகத் திரும்பினாலும், மெலிந்த மட்டையின் நுனி மிக விரைவாகச் சுழல்வது இதனாலேயே.

இனி ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது நிற்கும் நிலை. பாதங்கள் தோளகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக அகன்றிருத்தல் வேண்டும். முழங்கால்கள் மடங்கியும் மடங்காமலும் இருக்கவேண்டும். உடலின் பாரம் குதிகாலில் அன்றிப் பாதத்தின் முற்பகுதியில் தங்கவேண்டும். இரு கண்களும் எறிபவரை நேராக நோக்கவேண்டும். ஒரு கண்ணை மூக்கு மறைக்குமாயின் தலை போதிய அளவு திரும்பவில்லை என்பது பொருள்.

இரண்டாவது பிடி. வலக்கையர் இடக்கையைக் கீழும் வலக்கையை மேலுமாக வைத்துப் பிடிப்பர். மட்டை உள்ளங்கையில் அழுந்தாமல் விரல்களில் தங்கவேண்டும். கோடரி பிடித்து விறகு பிளந்தவருக்கு இப்பிடி புதிதன்று. இறுக்கிப் பிடித்தால் வலிமை மிகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இறுகிய கை முழங்கையையும் தோளையும் இறுக்கி வேகத்தைக் கெடுக்கும். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல, தப்பவும் விடாமல் நசுக்கவும் செய்யாமல் பிடித்தல் நன்று. வீச்சின்போது அது தானே இறுகும்.

மூன்றாவது ஆயத்தம். எறிபவர் தம் கையைப் பின்னே கொண்டுபோகும் வேளையிலேயே அடிப்பவரும் தம் பாரத்தை மெல்லப் பின்காலுக்கு மாற்றி, கைகளைப் பின்தோளருகே கொண்டுசெல்ல வேண்டும். அதன்பின் முன்காலை மெதுவாக, தாழ்வாக, சிறிதளவே முன்வைக்க வேண்டும். கால் முன்னே செல்லும். கையும் தலையும் உடன் செல்லலாகாது. தலையும் உடலும் காலோடு சேர்ந்து முன்னே சாய்வதே, பழகத் தொடங்குவோரிடம் அடிக்கடி காணப்படும் குறை. அவ்வாறு சாய்ந்தவர் தம் விசையை முன்னரே செலவழித்துவிட்டார்; மெதுவான பந்து வந்தால் அவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

நான்காவது வீச்சு. முன்பாதம் தரையில் பதிந்ததும் முன்கால் உறுதியாக ஊன்றி நிற்க, பின் முழங்கால் உள்நோக்கித் திரும்ப, இடுப்பு சுழலும். தோள் அதற்குப் பின்னரே சுழலவேண்டும். கைகள் உடலுக்கு அண்மையாக, பின்முழங்கை விலாவை ஒட்டியவாறு வரவேண்டும். கைகளை உடலோடு சேர்த்துக்கொண்டு சுழல்பவர் விரைவாகச் சுழல்வதும், விரித்துக்கொண்டு சுழல்பவர் மெதுவாகச் சுழல்வதும் இயற்கையின் விதி. ஆதலால் முதலில் கை ஒடுங்கவேண்டும். பந்தைச் சந்திக்கும்போதுதான் விரியவேண்டும். பந்தைத் தொடும் கணத்தில் மேற்கையின் உள்ளங்கை வானையும், கீழ்க்கையின் உள்ளங்கை நிலத்தையும் நோக்கியிருப்பின் மணிக்கட்டு முறையாக உள்ளதென்று கொள்ளலாம். பந்து பட்டவுடன் வீச்சை நிறுத்தலாகாது. மட்டை தன் வேகத்தில் தோள்வரை சென்று ஓயட்டும்.

மட்டையின் போக்கும் கவனிக்கத்தக்கது. எறிபவர் மேட்டில் நின்று எறிவதாலும், பூமியின் ஈர்ப்பாலும் பந்து சற்றுக் கீழ்நோக்கியே வருகின்றது. ஆகையால் மட்டை மிகச் சிறிதளவு மேல்நோக்கிச் சென்றால் இரண்டின் பாதையும் நெடுந்தூரம் ஒன்றுபட்டிருக்கும். வேளை சற்றுத் தவறினும் பந்து மட்டையிற் படும். அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ் தாம் 1970இல் வெளியிட்ட நூலிலே இக்கருத்தை வற்புறுத்தினார். 1941ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் ஆயிரத்துக்கு 406 என்னும் விகிதத்தில் வெற்றியடிகள் பெற்றவர். பத்து முறை முயன்று நான்கு முறை வென்றவரையே தலைசிறந்தவர் என்று போற்றும் விளையாட்டு இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நலம். தவறுதல் இங்கு வெட்கமன்று.

அவ்வறிஞர் மேலும் ஒன்று செய்தார். பந்து வரக்கூடிய பரப்பை 77 பந்துகளாகப் பிரித்து, எந்தெந்த இடத்துக்கு வரும் பந்தைத் தாம் நன்றாக அடிக்கமுடியும், எதனை அடிக்கமுடியாது என்று கணக்கிட்டு வைத்தார். அடிக்கத்தக்க பந்தைத் தேர்ந்து அடிப்பதே அவர் முதல் விதி. எல்லேயில் மூன்று வாய்ப்பும், பேஸ்போலில் தவறான பந்தை விட்டுவிடும் உரிமையும் இருப்பது இதற்காகவே. முதற் பந்தையே பாய்ந்து அடிக்கும் அவசரம் பலருடைய ஆட்டத்தைக் கெடுக்கின்றது.

“பந்தின்மேல் கண் வை” என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம். இவ்வறிவுரை நல்லதே, ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 1984ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, விரைந்து வரும் பந்தைக் கண் தட்டுவரை இடைவிடாது பின்தொடர இயலாது என்று காட்டியது. அவர்கள் ஆராய்ந்த தேர்ந்த வீரருடைய கண்கூட, பந்து தட்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை அடி தூரத்தில் வந்தபோது பின்தங்கிவிட்டது. இதனால் நாம் பெறும் பாடம் என்ன? பந்தைத் தொடக்கத்திலேயே காணவேண்டும். எறிபவரின் முகத்தையோ காலையோ நோக்கிக்கொண்டிராமல், அவருடைய கையிலிருந்து பந்து விடுபடும் இடத்திற் பார்வையை வைத்திருப்பவர், பந்தின் வேகத்தையும் திசையையும் முற்பாதி வழியிலேயே அறிந்துகொள்வார்.

வேளையைப் பற்றிச் சிந்திப்போர் யப்பானிய வீரர் சதகாரு ஓவின் கதையை அறிந்திருத்தல் வேண்டும். 1959இல் யொமியுரி ஜயன்ற்ஸ் அணியிற் சேர்ந்த அவர், முதல் மூன்று ஆண்டுகளிலும் சிறப்பாகப் பிரகாசிக்கவில்லை. வீச்சுக்கு முன் கைகள் வீணே அசைந்தமையால் அவர் எப்போதும் பிந்தினார். அவருடைய பயிற்றுநர் அரகாவா அக்குறையைப் போக்க, எறிபவர் எறியத் தொடங்கும்போதே முன்காலை உயர்த்தி ஒற்றைக் காலில் நிற்குமாறு அவரைப் பழக்கினார். ஒற்றைக் காலில் நிற்பவருக்கு வீண் அசைவு செய்ய இடமில்லை. முன்னரே ஆயத்தமாகியே தீரவேண்டும். கூரையிலிருந்து தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டும் பயிற்சியும் அவருக்கு அளிக்கப்பட்டது. 1961இல் ‘ஹோம் ரன்’ என்னும் முழுச்சுற்று அடிகளை 13 முறை அடித்த அவர், 1962இல் 38 முறை அடித்தார். 1980இல் ஓய்வு பெற்றபோது அவருடைய மொத்தக் கணக்கு 868. இடைப்பட்ட காலத்தில் அவர் புதிய புயங்களைப் பெறவில்லை. புதிய வேளையைப் பெற்றார். எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஆயத்தம் முந்தவேண்டும் என்பதே இதன் கருத்து.

கருவிகள் இல்லையே என்று வருந்துவோருக்கு மற்றொருவர் வழிகாட்டுகின்றார். கிரிக்கெட் உலகின் டொன் பிரட்மன், சிறுவயதில் பௌரல் என்னும் ஆஸ்திரேலிய ஊரிலே, தம் வீட்டு நீர்த்தாங்கியின் செங்கற் சுவரில் கோல்ப் பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது விக்கெற் குச்சியால் அடித்துப் பழகினார். சிறிய பந்து, மெல்லிய குச்சி, எத்திசையில் வருமென்று அறியமுடியாத வேகம். பிற்காலத்தில் அவர் டெஸ்ட் ஆட்டங்களில் பெற்ற 99.94 என்னும் சராசரியை எவரும் நெருங்கவில்லை. மெல்லிய கழி கொண்டு அடிக்கும் நம் எல்லேப் பிள்ளைகளும் இவ்வாறே கூரிய கண்ணைப் பெறக்கூடியவர்கள்.

இனிப் பயிற்சி முறைகள் சில. இடுப்பளவு உயரமுள்ள ஒரு கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் தடித்த இறப்பர்க் குழாய்த் துண்டொன்றைப் பொருத்தி, அதன்மேற் பந்தை வைத்து அடிக்கலாம். அசையாத பந்தாதலால் வீச்சின் வரிசையை மாத்திரம் கவனிக்க இது வசதியாகும். அது கைவந்தபின், ஒரு தோழர் பக்கவாட்டிற் சற்றுத் தள்ளியிருந்து பந்தை மெல்ல இட்டுக் கொடுக்க அடிக்கலாம். மூன்றாவது படியிலே எறிபவர் முன்னின்று ஒரு பந்தை விரைவாகவும் அடுத்ததை மெதுவாகவும் மாறிமாறி எறியவேண்டும். அடிப்பவர் விரைவான பந்துக்கே எப்போதும் ஆயத்தமாக நின்று, மெதுவான பந்துக்குக் காத்திருக்கப் பழகவேண்டும். விரைவுக்கு ஆயத்தமானவர் தாமதிக்கலாம், தாமதத்துக்கு ஆயத்தமானவர் விரைய இயலாது. வேறொரு பயிற்சியில், ரெனிஸ் பந்தை எறியச் செய்து, மட்டையை வீசாமல் நின்று, “மேல்”, “கீழ்”, “நன்று” என்று வாயாற் சொல்லிப் பழகலாம். இது கண்ணுக்கு மாத்திரமான பயிற்சி.

பந்து சென்ற வழியைக்கொண்டே பிழையை அறியலாம் என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். வலக்கையரின் பந்து அடிக்கடி இடப்புறம் விலகுமாயின் அவர் முந்திவிட்டார். வலப்புறம் விலகுமாயின் பிந்திவிட்டார். பந்து நேரே உயர எழுந்து விழுமாயின் மட்டை பந்தின் அடியிற் பட்டது. தரையில் உருளுமாயின் தலையிற் பட்டது. “பலமாக அடி” என்று கூவுவதைவிட “சற்று முந்தினாய்” என்று சொல்வது பிள்ளைக்குப் பயன்தரும். களைத்த பிள்ளையை மேலும் அடிக்கச் செய்தலும் தகாது; களைப்பிற் கை முந்தும், அப்பிழையே பழக்கமாகிவிடும்.

பாதுகாப்பையும் மறக்கலாகாது. மட்டை சுழலும் எல்லைக்குள் எவரும் நிற்கக்கூடாது. வியர்த்த கையைத் துடைத்த பின்னரே மட்டையைப் பிடிக்கவேண்டும். வெடித்த மூங்கிலையும் பிளவுற்ற மட்டையையும் உடனே விலக்கவேண்டும். கடினமான பேஸ்போற் பந்தை எதிர்கொள்பவர் தலைக்கவசம் இன்றி நிற்கலாகாது. கவசம் கிடைக்கும்வரை ரெனிஸ் பந்தே போதும்.

2012ஆம் ஆண்டில் யப்பானின் உதவியுடன் தியகமவில் பேஸ்போல் மைதானம் ஒன்று திறக்கப்பட்டது. கொட்டியாரத்திலிருந்து அது நெடுந்தொலைவு. ஆனால் பாதத்தை ஊன்றுவதற்கும், இடுப்பைத் திருப்புவதற்கும், பந்து வரும்வரை பொறுத்திருப்பதற்கும் அத்துணைத் தூரம் செல்லவேண்டியதில்லை. அறுவடை முடிந்த ஒரு வயலே போதும். ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே, அடுத்த முறை கட்சி பிரிக்கும்போது மெலிந்த பிள்ளையையும் அழைத்து மட்டையைக் கொடுங்கள். வரிசையைக் கற்பியுங்கள், வேளையைக் கற்பியுங்கள். அதன்பின் அப்பிள்ளை எவ்வளவு தூரம் அடிக்கின்றது என்று பாருங்கள்.